நண்பர் மகன் என்று சொல்லுங்கள்: ஒரு பாயிண்ட் வாடகையின் நிகழ்வு ஆய்வு

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. மறுநாள் புதன்கிழமை காலை, மண்டபத்தில் மீன் கமிஷன் கடை வைத்திருக்கும் என் சித்தி மகன் கடையில் உட்கார்ந்தபடியே அந்தப் பாஸுக்குப் போனில் விண்ணப்பித்துக்கொண்டிருந்தான். எத்தனை பேர், என்ன வண்டி, எங்கே தங்கப் போகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டது. விடுதியின் சரியான முகவரியைத் தெரிந்துகொள்ளலாமே என்று அங்கேயே போன் போட்டான். பதிவு எண்ணைச் சொன்னான். அந்தப் பக்கம் இருந்த பெண் சற்று நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இந்த புக்கிங் முந்தாநாளே கேன்சல் ஆயிருச்சே" என்றார்.

ஒன்பது பேர், மூன்று இரவு, 36,000 ரூபாய். பணம் முழுவதும் மார்ச் 1ஆம் தேதிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. கிளம்ப இன்னும் ஒன்பது நாள்.

விடுமுறைக் கிளப் மெம்பர் ஒருவர் தன் தங்கும் உரிமையை, அதாவது பாயிண்டை, காசுக்குக் கைமாற்றிய கதை இது. எங்கள் குடும்பத்தில் நடந்தது. ஆட்களின் பெயரையும் கிளப்பின் பெயரையும் எழுதப் போவதில்லை. கிளப் தன் விதிப்படிதான் நடந்தது. பாயிண்ட் கொடுத்தவரும் ஏமாற்றுக்காரர் இல்லை. அதனால்தான் இதை எழுதலாம் என்று தோன்றியது. மோசடிக் கதைகள் தினமும் வருகின்றன, படித்துவிட்டு நாம் அப்படி ஏமாற மாட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே எல்லோரும் நல்லவர்கள், பணம் மட்டும் மாட்டிக்கொண்டது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் நான். பணம் கட்டுவதற்கு முன் தம்பி என்னிடம்தான் காட்டினான். பார்த்து "சரி" என்று சொன்னதும் நான்தான்.

மே மாதம் ஏன்

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகள் போகலாம், ஆனால் தம்பியின் வரவு முக்கால்வாசி விசைப்படகு இறாலிலும் நண்டிலும் இருக்கிறது. தடைக்காலத்தில் இஞ்சின் மெக்கானிக்குகளுக்கும் படகுத் தச்சர்களுக்கும் மூச்சு விட நேரமிருக்காது. கமிஷன் கடைக்காரனுக்கோ ஈ ஓட்டுகிற வேலை. பிள்ளைகளுக்கும் அப்போதுதான் லீவு. ஆக, இந்தக் குடும்பத்தால் வருடத்தில் ஊரை விட்டு நகர முடிகிற ஒரே காலம் அது. கொடைக்கானலில் அறை விலை உச்சத்தில் இருப்பதும் அதே காலம்தான். தம்பி குடும்பமும் அவன் மச்சினன் குடும்பமுமாக ஒன்பது பேர். அந்த விடுதியிலேயே நேராகக் கேட்டபோது மூன்று இரவுக்கு 72,000 ரூபாய் சொன்னார்கள்.

அப்போதுதான் யாரோ பாயிண்ட் விஷயத்தை அவன் காதில் போட்டார்கள்.

டைம்ஷேர் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க எனக்குக் கண்மாய்தான் வசதி. ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்பார்கள். கண்மாய்ப் பாசனத்தில் முறைத் தண்ணீர் உண்டு. தண்ணீர் தனியாக யாருக்கும் சொந்தமில்லை, முறைதான் சொந்தம். டைம்ஷேர் கிளப்பும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு பெரிய தொகையைக் கட்டிச் சேர்ந்தால், கிளப் மஹிந்திரா போன்ற இடங்களில் 25 வருடம் என்பதுபோல, நீண்ட காலத்துக்கு வருடம் சில நாள் தங்கும் உரிமை கிடைக்கும். பருவத்துக்கு ஏற்ப அந்த நாட்களின் மதிப்பு மாறும். அங்கே ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பருவத்துக்கு நிறப்பெயரே வைத்திருக்கிறார்கள். வேறு சில கிளப்புகள் நாள் கணக்கை விட்டுவிட்டுப் பாயிண்டாகத் தருகின்றன. மே மாதம் என்றால் ஒரு இரவுக்கு நிறைய பாயிண்ட் கழியும், மழைக்காலம் என்றால் கொஞ்சம். தங்கினாலும் தங்காவிட்டாலும் பராமரிப்புக்கு ஆண்டுக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும்.

உன் முறை உனக்கு வேண்டாமென்றால் பக்கத்து வயல்காரனுக்குக் கைமாற்றலாம். ஆனால் மடையைத் திறக்கிற நீர்ப்பாய்ச்சிக்கு உன்னைத்தான் தெரியும், பக்கத்து வயல்காரனைத் தெரியாது. நீ கொடுக்க வேண்டியது பாக்கி இருந்தால், உன் முறையை வாங்கியவன் வயலும் சேர்ந்து காயும். இந்த உவமை எனக்குத் தோன்றியது எல்லாம் முடிந்த பிறகு. பணம் கட்டும் முன் தோன்றியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு ஆட்கள்

முதலில் வந்தவன் கள்ளன். மெம்பர்கள் சேர்ந்து நடத்தும் முகநூல் குழு ஒன்றில் கிடைத்தான். 25,000 ரூபாய்க்கு எல்லாம் முடித்துத் தருகிறேன், இன்று மாலைக்குள் 20,000 போடுங்கள், நாளைக்கு வேறு ஆள் வாங்கிவிடுவார் என்றான். லோகோ போட்ட உறுதிக் கடிதம் ஐந்தே நிமிடத்தில் வாட்ஸப்பில் வந்தது. தம்பி மீன் ஏலத்தில் வளர்ந்தவன். "இன்னைக்கே" என்று அவசரப்படுத்துகிற வியாபாரியிடம் அழுகல் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். கடிதத்தில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, விடுதியின் எண்ணைத் தனியாகத் தேடிப் பிடித்துக் கேட்டான். அப்படி ஒரு பதிவே கிடையாது என்றார்கள். அத்தோடு சரி. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்திருக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தைக் கணக்கில் முடக்கி வைக்க வாய்ப்பு. நல்லவேளை, தேவைப்படவில்லை.

இரண்டாவது ஆள் கோயம்புத்தூரில் ஓய்வு பெற்ற பொறியாளர். 2006இல் மெம்பர் ஆனவர். மனைவிக்கு மூட்டு வலி, மலைக்குப் போக முடியவில்லை. வருடா வருடம் சேர்கிற பாயிண்ட் மிஞ்சுகிறது, ஒரு பங்கு 2024 ஜூன் 30ஆம் தேதியோடு காலாவதி. வீணாகிறதற்கு யாருக்காவது பயன்படட்டும், ஆண்டுக் கட்டணத்துக்காவது ஆகும் என்று நினைத்தார். நியாயமான காரணம். பாயிண்ட் வாடகைக்கு விடுகிற பெரும்பாலோரின் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தம்பி இந்த முறை இன்னும் கவனமாக இருந்தான். வீடியோ அழைப்பில் அவரைக் கணக்குக்குள் போகச் சொல்லி, பெயரையும் பாயிண்ட் இருப்பையும் கண்ணால் பார்த்தான். மெம்பர் அட்டையையும், எண்களை மறைத்த ஆதார் நகலையும் வாங்கினான். 18,000 கட்டினான். இரண்டு படுக்கையறை கொண்ட அபார்ட்மென்ட் ஒன்றும் ஸ்டூடியோ என்கிற ஒற்றை அறை ஒன்றும் மே 17 வெள்ளி முதல் 20 திங்கள் வரை என்று பதிவாகி, விருந்தினர் இடத்தில் இவன் பெயர் வந்தது. விடுதிக்கு அவனே போன் போட்டு உறுதி செய்துகொண்டான். அதன் பிறகே மீதி 18,000.

இதையெல்லாம் என்னிடம் காட்டினான். ஆள் நிஜம், பாயிண்ட் நிஜம், பதிவும் நிஜம். வேறு என்ன வேண்டும்? சரி என்றேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் மனம் சற்று நெருடியது. அந்தப் பெரியவர் சொல்லியிருந்தார்: "அங்கே யாராவது கேட்டால், என் நண்பர் மகன் என்று சொல்லுங்கள் தம்பி." தம்பிக்கு அதில் ஒரே பூரிப்பு. "பார்த்தீங்களாண்ணே, எவ்வளவு பெரிய மனசு, நம்மள பிள்ளை மாதிரி நினைக்கிறார்." நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஒருவர் நம்மைப் பொய் சொல்லச் சொல்கிறார் என்றால், உண்மையைச் சொன்னால் எங்கோ ஒரு கதவு அடைபடும் என்று அர்த்தம். எந்தக் கதவு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரலில் நடந்தது

மார்ச் 28ஆம் தேதி பெரியவர் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போனார். ஏப்ரல் முதல் தேதி கிளப் புதிய ஆண்டுக்கான கட்டணத்தை, 21,400 ரூபாயை, கணக்கில் ஏற்றியது. அவர் அதற்குக் கார்டில் தானியங்கிப் பற்று கொடுத்து வைத்திருந்தார். அதனால் கவலையே படவில்லை.

15,000 ரூபாய்க்கு மேல் தானாகப் பற்று வைக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021 அக்டோபரில் இந்த முறை வந்தபோது வரம்பு 5,000. 2022 ஜூனில் 15,000 ஆக்கினார்கள். காப்பீட்டுத் தவணை போன்ற சிலவற்றுக்கு மட்டும் பிறகு ஒரு லட்சம் வரை தளர்த்தினார்கள், கிளப் கட்டணம் அந்தப் பட்டியலில் இல்லை. 21,400க்கான ஓடிபி கோயம்புத்தூர் எண்ணுக்குப் போனது. அந்தச் சிம்முக்கு ரோமிங் போடவில்லை. பற்று விழவில்லை. கிளப் அனுப்பிய நினைவூட்டல்கள், அவர் வேலையில் இருந்த காலத்தில் கொடுத்த பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. கெடு மே 5. மறுநாள், பாக்கி உள்ள கணக்குகளின் பதிவுகளையெல்லாம் கணினி தானாக விடுவித்தது. மே மாதத்துக் கொடைக்கானல் அறை என்றால் காத்திருப்போர் வரிசையில் இருப்பவர்கள் விடுவார்களா?

யாரும் கெடுதல் நினைக்கவில்லை. ஒரு ஓடிபி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

தம்பிக்கு இது எதுவும் தெரியாது. புதன்கிழமை காலையில் அவனுக்குத் தெரிந்தது கேன்சல் என்ற ஒற்றைச் சொல். விடுதிப் பெண்ணிடம் காரணம் கேட்டான். "மெம்பர்கிட்டதான் சொல்ல முடியும் சார்." மீண்டும் கேட்டான், அதே பதில். கோபம் தலைக்கேறிச் சொல்லிவிட்டான்: "நான் முப்பத்தாறாயிரம் பணம் கொடுத்திருக்கேம்மா!"

அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம். அப்புறம் நிதானமாகக் கேட்டார்: "மெம்பர் உங்ககிட்ட பணம் வாங்கினாரா சார்?"

நண்பர் மகனின் அர்த்தம் தம்பிக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கிளப்பில் மெம்பர் தன் பெயரில் விருந்தினரை அனுப்பலாம். காசுக்கு விற்கக் கூடாது. பணம் கொடுத்து வாங்கினேன் என்று சொன்ன கணமே, தன் ஒரே ஆதாரமாக இருந்த மெம்பர் கணக்கையே இவன் ஆபத்தில் தள்ளிவிட்டான். சொல்லாமலிருந்தால் உரிமை கோர வழியில்லை, சொன்னாலோ உரிமையே பறிபோகும். அறை வாடகை எத்தனையோ பார்த்திருக்கிறேன், பணம் கொடுத்தவன் வாயையே கட்டிப்போடுகிற வாடகை இதுதான்.

பெரியவர் அன்றிரவு ஒன்பது மணிக்கு வாட்ஸப்பில் வந்தார். அங்கே அப்போது காலை நேரம். அதிர்ந்துபோனார். அப்போதே உட்கார்ந்து கட்டணத்தைக் கட்டினார். கணக்கு திறந்தது, பாயிண்டுகள் திரும்பின, அறைகள் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்துக் கிளப்பிலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டு மின்னஞ்சல் போனது. அதன் பிறகு அவர் பேச்சில் இருந்த குழைவு போய்விட்டது. "நான் ஒழுங்காத்தான் இருந்தேன் தம்பி, நீங்கதான் அங்கே போய்ப் பணம்னு சொல்லிட்டீங்க" என்றார். ஒரு விதத்தில் அதுவும் உண்மை.

ஜூன் 20க்கு மேல் வேறு தேதி தருகிறேன் என்றார். பாயிண்ட் ஜூன் 30க்குள் செலவாக வேண்டும், அவர் கவலை அவருக்கு. தடை முடிந்து ஜூன் 15இல் படகு இறங்கினால், அடுத்த சில வாரம்தான் வருடத்திலேயே இறால் குவிகிற காலம். அப்போது கடையை மூடிவிட்டு மலைக்குப் போகிற கமிஷன்காரன் மண்டபத்தில் கிடையாது. கடைசியில் பாயிண்ட் காலாவதி ஆனது. பெரியவருக்கும் நஷ்டம்தான்.

குடும்பம் கொடைக்கானல் போகாமல் இல்லை. பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டதே. ஊருக்குக் கீழே பெருமாள்மலையில் இரண்டு அறை, ஒன்று 6,500 வீதம் மூன்று இரவு, மொத்தம் 39,000. கணக்குப் போட்டுப் பார்த்தால், 72,000 கொடுப்பதற்கு இது எவ்வளவோ மேல், முதலிலேயே இதைச் செய்திருக்கலாம். ஆனால் தடைக்காலத்தில் வரவு முக்கால்வாசி நின்றுபோன ஒருவன் கையிலிருந்து 36,000 போய், அதற்கு மேல் 39,000 தேவைப்பட்டது. தம்பி மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. பெரியவர் மே கடைசியில் 10,000 கொடுத்தார், ஜூன் நடுவில் 10,000, மீதி 16,000 ஆகஸ்ட் 11ஆம் தேதி. ஒரு ரூபாய் குறைக்கவில்லை. வட்டியை யாரும் பேசவில்லை, தம்பி மனைவியைத் தவிர.

படகு திரும்பும் கரை

இதை நான் பல நாள் யோசித்தேன். என் தம்பி வெள்ளந்தி கிடையாது. பதினான்கு படகுகளுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறான், சிலவற்றுக்கு லட்சக்கணக்கில். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. பிடித்த மீனை அவன் கடையில் இறக்க வேண்டும் என்ற வாய்ச்சொல் மட்டும்தான். அதில் அவன் ஏமாந்து நான் பார்த்ததில்லை. பிறகு எப்படி இந்த 36,000 மாட்டியது?

அவனிடம் கேட்டேன். "ஆளு நல்லவருண்ணே, அதான் கொடுத்தேன்" என்றான். படகுக்காரர்களையும் நல்லவர்கள் என்றுதான் கொடுக்கிறாயா என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தான். "அவனுங்கள்ல பாதிப் பேரு நல்லவனே இல்லண்ணே."

அங்கேதான் விஷயம் இருக்கிறது. வடக்குக் கடலுக்குப் போனாலும் தெற்குக் கடலுக்குப் போனாலும், பிடித்ததை அந்தப் படகு மண்டபத்தில்தான் கொண்டுவந்து இறக்க வேண்டும். ஒரு நாள் வேறு கடையில் இறக்கினால் சாயங்காலத்துக்குள் துறை முழுக்கத் தெரியும். அடுத்த முறை இஞ்சின் பழுதானால் யாரும் கைகொடுக்க மாட்டார்கள். தம்பி நம்புவது ஆளை இல்லை, ஆள் திரும்பி வந்தே தீர வேண்டிய கரையை. கோயம்புத்தூர்ப் பெரியவர் தங்கமானவர்தான். ஆனால் அவர் திரும்பி வந்தாக வேண்டிய கரை எங்களிடம் இல்லை. கரையே இல்லாத இடத்தில், கரை தரும் நம்பிக்கையைக் கொண்டுபோய் வைத்துவிட்டான்.

என் தப்பு வேறு வகை. கடன் பிரிவில் ஆளைப் பார்ப்போம், ஈட்டைப் பார்ப்போம், காலத்தைப் பார்ப்போம். இங்கே முதல் இரண்டையும் பார்த்தேன். மார்ச் 1க்கும் மே 17க்கும் இடையில் 77 நாள் கிடந்தது, அந்த 77 நாளும் சாவி வேறொருவர் கையில் இருந்தது, அதைப் பார்க்கவில்லை. பதிவைத் தொடங்க, மாற்ற, கைவிட மெம்பரால் முடியும், கிளப்பால் முடியும். பணம் கொடுத்தவனால் முடியாது. இடையில் மெம்பர் கட்டணம் கட்டாமல் விடலாம், நோயில் விழலாம், மனம் மாறலாம், கணக்கு முடங்கலாம், கிளப் விதியை மாற்றலாம். இதில் எதற்கும் அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் எப்படி

என் அக்கா மகள் அங்கே இருக்கிறாள். டிஸ்னி வெக்கேஷன் கிளப் பாயிண்டுகளை ஒரு மெம்பரிடம் வாடகைக்கு எடுத்து ஒருமுறை குழந்தைகளோடு போய் வந்தாள். அவளிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, அங்கே இது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அந்தக் கிளப் 1991இல் தொடங்கியது. தான் வாங்கிய விடுதியில் மெம்பர் 11 மாதம் முன்னதாகவும், மற்ற விடுதிகளில் 7 மாதம் முன்னதாகவும் பதிவு செய்யலாம். தீராத பாயிண்டை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கலாம், அடுத்த ஆண்டுப் பாயிண்டைக் கடனாகவும் எடுக்கலாம். தங்கும் நாளுக்கு 30 நாளுக்குள் ரத்து செய்தால் அந்தப் பாயிண்ட் தனியே ஒதுக்கப்பட்டுவிடும், அடுத்த 60 நாளுக்குள் வருகிற தேதிகளுக்கு மட்டுமே பயன்படும். எனவே கடைசி மாதத்தில் ரத்தானால் மெம்பருக்கும் கை கட்டிய நிலைதான்.

எனக்குப் பிடித்தது அவர்கள் பணத்தை நடத்தும் விதம். இடைத்தரகர்கள் ஒப்பந்தத் தாள் போட்டு, மெம்பருக்கு ஒரு பங்கைப் பதிவானதும் கொடுத்துவிட்டு, மீதியை விருந்தினர் தங்கும் நேரம் வரை தங்களிடம் வைத்திருப்பார்கள். பணத்தின் ஒரு துண்டு அந்த இடைக்காலம் முழுக்கக் காவல் காக்கிறது. அதுவும் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் டிஸ்னி விடுதிகள் மூடியபோது வாடகைக்கு எடுத்தவர்கள் பலருக்குப் பணம் திரும்பவில்லை, பின்னாளில் பயன்படுத்திக்கொள்ளும் சீட்டுதான் கிடைத்தது. பெரிய சண்டையெல்லாம் நடந்தது. விடுதி மெம்பரோடு கணக்கு முடித்துக்கொள்ளும், வாடகைக்காரனை அதற்குத் தெரியாது. மடை எங்கே இருந்தாலும் மடைதான்.

அங்கேயும் தொழிலாக விற்பதை ஒப்பந்தம் தடுக்கிறது. எப்போதாவது ஒருமுறை விடுவது வேறு, அதையே பிழைப்பாக வைத்துக்கொள்வது வேறு என்று பிரித்துப் பார்க்கிறார்கள். எங்கள் விஷயத்தில் அந்த இடைவெளியே கிடையாது. பணம் என்றாலே குற்றம்.

சட்டம் பற்றிக் கொஞ்சம்

வழக்குப் போடுவோமா என்று தம்பி ஒரு கட்டத்தில் கேட்டான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம், ராமநாதபுரமே போதும். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மிஞ்சிய பாயிண்டை ஒருமுறை கைமாற்றிய ஓய்வூதியரை "சேவை வழங்குபவர்" என்று நிறுவுவதே முதல் சண்டையாக இருக்கும். கிளப்பை இழுக்கலாம் என்றால், கிளப்புக்கும் தம்பிக்கும் ஒப்பந்தமே இல்லை, ஒரு ரூபாய்கூட அவர்களிடம் கட்டவில்லை. மிச்சம் சாதாரண சிவில் வழக்கு. வாட்ஸப் பேச்சும் ஒப்பந்தம்தான், மின்னணு வழியில் செய்ததாலேயே அது செல்லாமல் போய்விடாது. ஆனால் அந்தப் பேச்சைத் திருப்பிப் படித்தேன். தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது, வணக்கம், நன்றி, கைகூப்பிய படம் எல்லாம் இருக்கிறது. பதிவு ரத்தானால் என்ன என்று ஒரு வரி இல்லை. "எந்தக் காரணத்தால் ரத்தானாலும் ஏழு நாளில் முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறேன்" என்று அவர் கையால் தட்டச்சு செய்த ஒற்றை வரி இருந்திருந்தால், ஆகஸ்ட் வரை இழுத்திருக்காது.

இப்போது யாராவது என்னிடம் இப்படி ஒரு பேரத்தைக் கொண்டுவந்தால் முதலில் பாயிண்டைக் கேட்க மாட்டேன், நடப்பு ஆண்டுக் கட்டண ரசீதைக் கேட்பேன். தங்கும் நாளுக்கு முன்னால் அடுத்த கட்டணத் தேதி குறுக்கிடுகிறதா என்று பார்ப்பேன். குறுக்கிட்டால், அதைக் கட்டிய பிறகுதான் பாதிக்கு மேல் பணம். விருந்தினர் விதியைக் கிளப்பின் தாளிலேயே படிப்பேன். பணம் வாங்குவதற்குத் தடை என்றால், அதற்கு மேல் என் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெருமாள்மலையில் அறை பாருங்கள். தடை இல்லை என்றால், மூன்றில் ஒரு பங்கைப் பதிவுக்கும், ஒரு பங்கை ஒரு வாரம் முன்னால் விடுதிக்குத் திரும்பவும் போன் போட்டு உறுதி செய்த பிறகும், கடைசிப் பங்கை அறைச் சாவி கைக்கு வந்ததும் கொடுக்கச் சொல்வேன். மெம்பர் சம்மதிக்காமல் போகலாம். அவருக்கும் பயம் உண்டு. விருந்தினர் டிவியை உடைத்தால் பில் அவர் கணக்குக்குத்தான் போகும். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் மண்டபத்து மீன் வியாபாரியும் முன்பின் தெரியாத ஆள்தானே.

விடுதிக்கு ஒருமுறை போன் போட்டு உறுதி செய்ததை நாங்கள் பெரிய சாமர்த்தியமாக நினைத்தோம். அந்த உறுதி அந்த நாளுக்கு மட்டும்தான். ஏப்ரல் நடுவில் இன்னொரு முறை கேட்டிருந்தால், பாக்கியைப் பற்றி வாய் திறந்திருக்க மாட்டார்கள்தான், ஆனால் ஒரு தயக்கம் தெரிந்திருக்கும். பெரியவருக்கு ஒரு செய்தி போட்டிருக்கலாம். கெடுவுக்கு இருபது நாள் இருந்தது.

2025 ஏப்ரல் 6இல் புதிய பாம்பன் பாலம் திறந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாக நின்றுபோயிருந்த ரயில் திரும்பவும் ராமேஸ்வரம் போகத் தொடங்கியது. அடுத்த மாதம் தம்பிக்கு ஒரு போன். பெரியவர்தான். மனைவியோடு ராமேஸ்வரம் வருகிறாராம், இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட முடியுமா தெரியவில்லை, சாமி கும்பிட்டால் போதும், கோயிலுக்குப் பக்கத்தில் படி ஏறாத அறை கிடைக்குமா என்றார். தம்பிக்குத் தடைக்காலம், வேலை இல்லை. அறை பிடித்துக் கொடுத்து, ஸ்டேஷனுக்கு வண்டியோடு போய் நின்றான்.

ஊருக்குத் திரும்பும் முன் இருவரும் மண்டபத்தில் எங்கள் சித்தி வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நானும் போயிருந்தேன். இலை எடுத்த பிறகு பெரியவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து, யாரும் கேட்காமலே தம்பியிடம் நீட்டினார். "ஏப்ரல் மூணாம் தேதியே கட்டிட்டேன் தம்பி. இந்தத் தடவை என் கையால ஓடிபி போட்டேன்." அடுத்த வருடப் பயணத்துக்குப் பாயிண்ட் இருக்கிறது, வேண்டுமானால் சொல்லுங்கள், பணம் வேண்டாம், நிஜமாகவே நண்பர் மகனாக வந்து போங்கள் என்றார்.

தம்பி தாளை என்னிடம் கொடுத்தான். "நீங்க பாருங்கண்ணே."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.